பூச்சியம் தசம் பூச்சியம்

முத்தையன்கட்டுக் குளக்கட்டின் கீழே
திணைக்களத்தின் கம்பிவேலிக்குள் நிற்கிறது
என் மழைமானி.
காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றுவேன்.
ஆடி மாதத்தில் உள்ளே இருப்பது
செம்மண் தூசு, ஒரு பாலை இலை,
சில நாள் செத்த தும்பி.

கட்டத்தை வெறுமையாக விடவேண்டாம்
என்பார் பொறியியலாளர் நிக்சன்.
வெறுமை என்றால் நீர் பார்க்கவில்லை.
பூச்சியம் என்றால் பார்த்தீர், இல்லை.

எழுபத்தொரு நாளாகப் பார்த்தேன்,
இல்லை.

காற்றுக்குக் குறைவில்லை.
ஒட்டுசுட்டான் சந்தியில் வறுத்து விற்பதற்கும்
எங்களை வறுப்பதற்கும் ஒரே பெயர், கச்சான்.
புறப்பட்டபோது அது ஈரமாகத்தான் இருந்தது.
பேருவளைக்கு அப்பால் கடலில் முங்கி
சொட்டச் சொட்ட மேற்குச் சரிவில் ஏறியது.
ஏறினால் குளிரும்.
குளிர்ந்தால் ஏந்திய நீரை வைத்திருக்க ஏலாது.
கித்துல்கலையில் கொஞ்சம்,
கினிகத்தேனையில் கொஞ்சம்,
மிச்சத்தை வட்டவளையில்
என் சித்தி மகள் அமுதவல்லியின் தகரக்கூரையில் கொட்டிவிட்டு
முகடு தாண்டி இறங்குகிறது.
இறங்க இறங்கச் சூடேறும்,
நூறு மீற்றருக்கு ஒரு பாகை.
தம்புள்ளையைக் கடக்கும்போதே தாகம் எடுத்துவிடும்.
இங்கே வந்து குளத்தைக் குடிக்கிறது.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் மழை நிழல்.
நிழலாம்.
தெற்கே பார்த்தால் காடு,
காட்டுக்கு மேலே கண் கூசும் வெள்ளை.
எங்கும் மலை இல்லை.
கண்ணுக்கு எட்டாத ஒன்றின் நிழலில்
வெயிலுக்குக் குடை பிடித்து நிற்கிறேன்.

எழுபத்தேழில் அப்பா
லயத்தைப் பூட்டாமல் இறங்கி வந்தாராம்,
இந்தக் காற்று வரும் அதே வழியில்.
அவரும் எதையோ அங்கே கொட்டிவிட்டுத்தான்
வந்திருக்க வேண்டும்.
கேட்டதில்லை.

"பதினோரு நாளா துணி காயல அண்ணே,
பெய்யிறதில பாதிய அங்கிட்டு அனுப்பட்டா?"

"நீ அனுப்பினது வந்தது.
காத்து மட்டும்தான்."

சிரித்தாள். தகரத்தில் விழுந்த இரைச்சலில்
பாதிச் சிரிப்புத்தான் கேட்டது.

அன்று பின்னேரம் சிறுபோகக் கூட்டத்தில்
ஆளுக்குக் காலேக்கர் என்று முடிவாகித்
துருசை இறக்கிவிட்டு வந்து படுத்தேன்.
படுத்தபடியே மலையைக் கொஞ்சம் வெட்டினேன்.
அதிகமில்லை,
ஒரு மேகம் நுழையும் அளவுக்கு.

நாலாம் நாள் அது தானாகச் சரிந்தது.
லயத்தின் பின்சுவரைத் தள்ளி
அடுப்படிக்குள் வந்து நின்றதாம் மண்.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள்.
அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர்
என்றது வானொலி.
எட்டரைக்குப் பேனையைத் திறந்து
வெகுநேரம் எழுதாமல் இருந்தேன்.
பிறகு எழுதினேன், பார்த்தேன், இல்லை.

சனிக்கிழமை அமுதவல்லி
புளியங்குளத்தில் பஸ் மாறி வந்து இறங்கினாள்,
இரண்டு பிள்ளைகளும் ஒரு யூரியாப் பையுமாக.
பையைத் தூக்கினேன், கல்லாய்க் கனத்தது.
அவிழ்த்ததும் வந்தது பூஞ்சணத்தின் மணம்,
தேயிலைத் தூரின் மணம்,
நான் பிறக்காத ஒரு வீட்டின் மணம்.

சீலை, சட்டை, பள்ளிச் சீருடை, கம்பளி.
வேலியில் இருந்து வேம்பு வரை கொடி கட்டினேன்.
முழுவதையும் கச்சான் வாங்கிக்கொண்டது.
அரை மணிநேரத்தில் சீலை காய்ந்து படபடத்தபோது
சின்னவன் பயந்துபோய்
அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"இங்க எப்ப அண்ணே பெய்யும்?"

"ஐப்பசியில. வாடை கடலால நேர வரும்,
குறுக்க ஒண்டும் இல்ல."

குறுக்கே என்று சொன்னதும் அவள்
தெற்கே திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளும் பதிவேட்டில் பூச்சியம் தசம் பூச்சியம்.
மானிக்குள் விழுந்ததைத்தான் எழுதலாம்.
கம்பளிக்குக் கீழே மட்டும்
ஒரு முழ நீளத்துக்கு மண் கறுத்து ஈரமாக இருந்தது.
அதன் ஓரத்தில்
கட்டெறும்புகள் வரிசையாக வாய் வைத்திருந்தன.